சத்தம் போடும் கோப்பைகள்: கழற்றிப் பார்த்தவன் சொல்வது

மாடு கத்தும் கோப்பையை வாங்கலாம், ஆனால் அதில் ஒரு சின்ன வேலை பார்க்க வேண்டும். பாட்டுப் பாடும் பீங்கான் கோப்பை வேண்டவே வேண்டாம். கைப்பிடியில் விசில் வைத்த கோப்பை எங்கே கண்ணில் பட்டாலும் வாங்கிவிடுங்கள். கடை வாசலில் நின்றுகொண்டு படிப்பவர்களுக்கு இது போதும். ஏன், எதற்கு என்று கேட்பவர்களுக்காக மீதியை எழுதுகிறேன். கடைசியில் நாலாவதாக ஒரு சாமான் வரும். அதை ஃபேன்சி ஸ்டோரில் விற்பதில்லை. பார்வை குறைந்த பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்காரர்கள் அதை மட்டுமாவது படித்துவிட வேண்டும்.

மன்னார்குடியில் ரேடியோ, டி.வி., மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். எந்தச் சாமானையும் பின்பக்கம் திறந்து பார்க்காமல் நல்லது கெட்டது சொல்வதில்லை என்பது தொழில் பழக்கம். இந்தச் சத்தக் கோப்பைகள் இப்போது எங்கள் பக்கத்தில் எங்கு பார்த்தாலும் கிடைக்கின்றன. கும்பகோணம், தஞ்சாவூர் ஃபேன்சி கடைகளில் கண்ணாடி அலமாரி முழுக்க அடுக்கியிருக்கிறார்கள். பிறந்தநாளுக்குக் கொடுக்கிறார்கள், வளைகாப்புக்குக் கொடுக்கிறார்கள். கொஞ்ச நாளில் அவை என் மேசைக்கு வந்துவிடுகின்றன. "அண்ணே, மாடு கத்த மாட்டேங்குதுண்ணே, கொஞ்சம் பாருங்க" என்று பள்ளிக்கூடப் பையன்கள் கொண்டுவந்து வைக்கும்போது முகம் வாடியிருக்கும். அதனால்தான் ஒவ்வொரு வகையிலும் ஒன்று வாங்கி வீட்டிலேயே புழங்கிப் பார்த்தேன்.

முதலில் மாட்டுக் கோப்பை. எங்கள் ராஜகோபால சுவாமி கோயில் பங்குனித் திருவிழா 18 நாள் நடக்கும். வெண்ணெய்த்தாழி சமயத்தில் வீதி நெடுகக் கடை போட்டிருப்பார்கள். அங்கே வாங்கியது இது. பசுவோடு நிற்கிற கோபாலன் ஊரில் மாடு கத்தும் கோப்பை விற்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். 300 மி.லி. பிடிக்கும். இரட்டைச் சுவர் பிளாஸ்டிக். வெளியே வெள்ளையில் கருப்புத் திட்டு, கைப்பிடி வால் மாதிரி வளைந்திருக்கும். உள்பாத்திரத்தின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தது. அப்படியானால் பாலிபுரோப்பிலீன், சூடான பாலைத் தாங்கும். வெளி உறையில் எண்ணே இல்லை. நல்லவேளை, பால் அதைத் தொடுவதில்லை.

அடியில் மூன்று ஸ்க்ரூ. கழற்றினால் பட்டன் செல் மூன்று, எல்.ஆர். 44. ஒன்றுக்கு ஒன்றரை வோல்ட், மொத்தம் நாலரை. காசளவு ஒரு போர்டு, அதன் நடுவே கருப்புப் பொட்டு வைத்த ஐ.சி. (சத்தத்தைப் பதிந்து வைத்திருக்கும் சில்லு), ஒரு அங்குல ஸ்பீக்கர், ஓரமாக ஒரு டில்ட் சுவிட்ச். அந்தச் சுவிட்சைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே சின்னக் குண்டு உருளுவது கேட்கும். கோப்பை நிமிர்ந்திருக்கும்போது குண்டு ஒரு மூலையில் கிடக்கிறது. சாய்த்தால் உருண்டுபோய் இரண்டு கம்பியையும் சேர்த்துத் தொடுகிறது. உடனே ஐ.சி. விழித்துக்கொண்டு "ம்ம்மா" என்கிறது. இவ்வளவுதான் விஷயம். இதில் கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லை. ரிப்பேருக்கு வந்தவற்றில் பெரும்பாலும் செல் தீர்ந்திருந்தது, மற்றதில் தண்ணீர் இறங்கியிருந்தது.

சத்தத்தைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். கத்துவது மாடு அல்ல, ஆட்டுக்குட்டி. குறை ரெக்கார்டிங்கில் இல்லை. பசு அடித்தொண்டையில் கத்தும் ஒலி நூறு, நூற்றைம்பது ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வு இருக்கும். ஒரு அங்குல ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த ஒலிக்கு வேண்டிய காற்றைத் தள்ள முடியாது. அடி ஒலி முழுக்க உதிர்ந்து மேல் ஒலி மட்டும் வெளியே வருகிறது. கொல்லையில் மாடு கட்டியிருக்கும் வீட்டுப் பிள்ளைகள் கேட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். என் பேத்தி சென்னையில் வளர்கிறவள், அவளுக்கு இதுவே மாடாகப் பட்டது.

இந்தக் கோப்பையில் ஒரு நல்ல குணம் இருக்கிறது. செய்தவர்கள் நினைத்துச் செய்தார்களா என்று சொல்ல முடியாது, ஆனாலும் பாராட்ட வேண்டும். கோப்பை நிறையப் பால் இருக்கும்போது வாயில் வைத்து உறிஞ்சக் கொஞ்சம் சாய்த்தாலே போதும். அந்தச் சாய்வுக்குக் குண்டு உருளாது. சத்தம் வராது. பால் பாதிக்குக் கீழே இறங்கிய பிறகு கோப்பையை நன்றாகச் சாய்த்தாக வேண்டும், அப்போதுதான் மாடு கத்தும். அதாவது சத்தம் கேட்க வேண்டும் என்றால் முதலில் பாதிப் பாலைக் குடித்தாக வேண்டும். முழுப் பரீட்சை லீவுக்கு வந்த பேத்தி, பால் என்றாலே தூணைக் கட்டிக்கொண்டு நிற்கிறவள், இதைப் புரிந்துகொண்டு மடமடவென்று பாதி குடித்துவிட்டு "தாத்தா, இப்ப கத்தும் பாருங்க" என்பாள். சத்தம் குடிப்பதோடு கட்டுப்பட்டிருக்கும்வரை கோப்பைக்கு மதிப்பு இருக்கிறது. வெறும் கோப்பையை எடுத்து ஆட்டினாலும் கத்தும் என்று தெரிந்துகொண்ட அன்றைக்கு அவளுக்கு அதில் இருந்த ஆர்வம் பாதியாகக் குறைந்துவிட்டது. அப்படியும் லீவு முடியும்வரை பால் அதில்தான்.

நம் வீட்டுப் பழக்கத்துக்கு இது எங்கே இடிக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கிறவர்கள் இதில் குடித்தால் முதல் மடக்கிலிருந்தே கத்தத் தொடங்கி, கீழே வைக்கும்வரை நிற்காது. காபியை ஆற்றவும் இதை எடுக்க முடியாது. டவராவிலிருந்து கோப்பைக்கு, கோப்பையிலிருந்து டவராவுக்கு என்று இரண்டு தரம் ஆற்றினால் தெருவே திரும்பிப் பார்க்கும். என் மனைவி ஒருநாள் காலையில் அப்படி ஆற்றப் போய், திண்ணையில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் "என்ன, மாடு வாங்கிட்டீங்களா?" என்று எட்டிப் பார்த்தார். பாலை டவரா டம்ளரில் ஆற்றி, பதமானதும் கோப்பையில் ஊற்றிக் கொடுப்பதுதான் சரி.

செய்ய வேண்டிய சின்ன வேலை என்றேனே, அது இதுதான். பெட்டியிலிருந்து எடுத்தபடியே பயன்படுத்தினால் சத்தம் குழந்தையின் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் அடிக்கிறது. அது அதிகம். ஸ்பீக்கருக்குப் போகும் வயர் ஒன்றை வெட்டி நடுவில் கரண்டைக் குறைக்கும் 47 ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்ற வைத்துவிட்டால் சத்தம் இதமாகிவிடும், செல்லும் கூடுதல் நாள் வரும். எந்த ரேடியோ கடையிலும் நின்ற நிலையில் செய்து கொடுப்பார்கள். அது முடியாதவர்கள் அடியில் உள்ள ஸ்பீக்கர் ஓட்டைகளின் மேல் தடித்த ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிக்கொள்ளலாம். அதனால் தண்ணீர் இறங்குவதும் கொஞ்சம் குறையும்.

அடுத்தது பாட்டுக் கோப்பை. கும்பகோணத்தில் வாங்கியது. பார்க்க மூன்றிலும் இதுதான் அழகு. கனத்த பீங்கான், உள்ளே பால் வெள்ளை, வெளியே கருநீலம். மேசையிலிருந்து எடுத்தால் பிறந்தநாள் மெட்டு ஒன்று வாசிக்கும். "லைட்டு பட்டா பாடும்ணே, கீழ வச்சா நிறுத்திக்கும்" என்று கடைக்காரத் தம்பி எடுத்து வைத்து எடுத்து வைத்துக் காட்டினார். அடியில் சின்னக் கண்ணாடிப் புள்ளி இருக்கிறது, அதற்குள் ஒளி உணரும் எல்.டி.ஆர். மேசையில் வைத்தால் இருட்டு, எடுத்தால் வெளிச்சம். 1990-களில் காலிங் பெல்லுக்குள் யூ.எம். 66 என்று மூன்று கால் ஐ.சி. ஒன்றைப் போடுவோம், பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். பார்க்க டிரான்சிஸ்டர் அளவுதான் இருக்கும், உள்ளே 64 ஸ்வரம் எழுதி வைத்திருக்கும். ஒன்றரை வோல்ட் பென் டார்ச் செல் ஒன்று போதும், பாடும். இந்தக் கோப்பையில் இருப்பது அதன் வம்சம்தான். பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சுருதி சுத்தமாக இருக்கிறது.

குறையெல்லாம் வேறு இடத்தில். நம் வீடுகளில் கழுவின பாத்திரத்தை எப்படி வைப்போம்? கவிழ்த்துத்தான் வைப்போம். கவிழ்த்து வைத்தால் அடிப்பக்கம் மேலே வந்து அடுப்படி ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பாட ஆரம்பித்துவிடும். வெளிச்சம் போகும்வரை பாடும். முதல் நாள் மத்தியானம் நான் கடையில் இருந்தேன், மனைவி போன் செய்து "என்னங்க, இது நிக்கவே மாட்டேங்குது, சுவிட்ச் எங்க இருக்கு?" என்று கேட்டாள். சுவிட்ச் கிடையாது. நிமிர்த்தி வைத்தால் நின்றது, ஆனால் கழுவின தண்ணீர் உள்ளேயே தேங்கியது, ஈரம் காயவில்லை, பல்லி ஓடுகிற அடுக்களையில் திறந்த வாயோடு ஒரு கோப்பையை எப்படி வைப்பது? துணி போட்டு மூட வேண்டியிருந்தது. ஒரு கோப்பைக்கு இவ்வளவு உபசாரம் யாரால் செய்ய முடியும்? இதைச் செய்தவர்கள் பாத்திரத்தை நிமிர்த்தி அலமாரியில் வைக்கிற ஊர்க்காரர்களாக இருக்க வேண்டும்.

அதைக்கூட விட்டுவிடலாம். விட முடியாத குறை ஒன்று உண்டு. அடியில் செல் வைக்கும் இடத்தை வெறும் ரப்பர் மூடிதான் மூடியிருக்கிறது. ஸ்க்ரூ இல்லை. நகத்தால் நெம்பினால் வந்துவிடுகிறது. உள்ளே இருப்பது சி.ஆர். 2032, இருபது மில்லிமீட்டர் அகல லித்தியம் செல். பெரிய பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். எச்சில் ஈரத்தில் கரண்ட் ஓடி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதை வெந்து புண்ணாகிவிடும். முதலில் இருமலும் வாந்தியும்தான் இருக்கும், சளி என்று நினைத்து வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். செல் காணோம், குழந்தை விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்த உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், எக்ஸ்ரே எடுக்கச் சொல்ல வேண்டும். பொழுது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. செல்லிலோ கரண்டிலோ ஓடும் பொம்மைகளுக்கு நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஐ.எஸ். 15644 என்ற எண் அதற்குப் பக்கத்தில் இருக்கும். நான் வாங்கிய கோப்பையின் பெட்டியில் அப்படி எதுவும் இல்லை. "கிஃப்ட் ஐட்டம்" என்று மட்டும் அச்சடித்திருந்தது. குழந்தை கையில் கொடுக்கும் சாமானை அன்பளிப்பு என்று பெயர் போட்டு விற்றாலும் அது குழந்தை கைக்குத்தான் போகிறது. கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "வர்றது அப்படித்தான்ணே வருது" என்றார். கோபமாகத்தான் திரும்பினேன், இப்போதும் அந்தக் கோபம் தீரவில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இதைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். மாட்டுக் கோப்பையில் செல் ஸ்க்ரூ மூடிக்குள் இருப்பதால்தான் அதை வாங்கலாம் என்றேன்.

விசில் கோப்பைக்கு வருகிறேன். வேளாங்கண்ணி கடைத்தெருவில் சிப்பி மாலைகளுக்கும் மெழுகுவர்த்திகளுக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. மண் நிறத்தில் மெருகு போட்ட பீங்கான். விலையும் மற்றவற்றில் பாதிதான். செல் இல்லை, போர்டு இல்லை, ஸ்பீக்கர் இல்லை. கைப்பிடி உள்ளே குடைவாக இருக்கிறது. அதன் மேல் நுனியில் ஊத ஒரு வாய், வாய்க்குக் கீழே சாய்வாக ஒரு வெட்டு. ஊதும் காற்று அந்த வெட்டின் விளிம்பில் மோதி அதிர்கிறது, கைப்பிடிக்குள் உள்ள காற்று கூடவே அதிர்ந்து குரல் கொடுக்கிறது. கைப்பிடி எட்டு சென்டிமீட்டர் நீளம், ஒரு பக்கம் அடைத்த குழல். கணக்குப் போட்டால் ஆயிரம் ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. கடையில் மீட்டர் வைத்துப் பார்த்தபோதும் ஏறக்குறைய அங்கேதான் நின்றது. அந்தப் பீங்கானைச் செய்த கைக்கு ஒரு கும்பிடு.

கைப்பிடிக்குள் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு ஊதினால் குரல் நடுங்கிக் கூவத் தொடங்கும். திருவிழாவில் பிளாஸ்டிக் குருவி விற்பார்களே, வயிற்றில் தண்ணீர் நிரப்பி வாலில் ஊதினால் கிளுகிளுவென்று கூவும், அதே வேலைதான். தண்ணீர் உள்ளே அலைவதால் காற்று நிற்கும் இடம் கூடிக் குறைகிறது, சுருதியும் கூடவே ஏறி இறங்குகிறது. பேத்திக்கு இதைக் காட்டிய பிறகு மாட்டுக் கோப்பை பாலுக்கு மட்டும் என்றாகி, மற்ற நேரமெல்லாம் இதுதான் கையில். தண்ணீர் தீர்ந்ததும் ஒரு கூவு. அம்மாச்சி சொம்போடு வருவாள். மோர் வேண்டும் என்றால் இரண்டு கூவு. இந்த ஒப்பந்தத்தை இரண்டு பேரும் தாங்களாகவே செய்துகொண்டார்கள், சித்திரை வெயிலில் அந்தக் குழந்தை உடம்புக்கு எவ்வளவு தண்ணீர் போயிற்று என்று நினைத்தால் மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

பாத்திரத்தைப் பாட வைப்பது புதுச் சங்கதியும் இல்லை. தென் அமெரிக்காவில் ஈக்வடார், பெரு பக்கத்தில் இரண்டாயிரம் வருசத்துக்கும் முன்னாலேயே விசில் வைத்த மண்குடுவைகள் செய்திருக்கிறார்கள். சிலவற்றில் இரண்டு குடுவையை அடியில் ஒரு குழாயால் சேர்த்திருப்பார்கள். சாய்த்தால் தண்ணீர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடும், அது தள்ளும் காற்று விசில் வழியே வெளியேறும். ஊதவே வேண்டாம், தண்ணீரே ஊதிக்கொள்ளும். எங்கள் பக்கத்திலும் பாத்திரத்துக்கும் சத்தத்துக்கும் உறவு பழையது. திருவாரூர் தியாகராஜர் கோயிலில் பஞ்சமுக வாத்தியத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரே வெண்கலக் குடத்துக்கு ஐந்து வாய், ஐந்திலும் தோல் போர்த்தியிருக்கும். காவேரி வண்டல் மண்ணில் பானை வனைகிறவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். தண்ணீரே ஊதிக்கொள்ளும் அந்த இரட்டைக் குடுவையை அவர்களில் யாராவது செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. செய்தால் முதல் ஆளாக நான் வாங்குவேன்.

விசில் கோப்பையில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. கைப்பிடிக்குள் எச்சிலும் கழுவின தண்ணீரும் தங்கும். அப்படியே விட்டால் வாடை வரும், பூஞ்சை பிடிக்கும். கொதித்து ஆறிய தண்ணீரை விட்டுக் குலுக்கிக் கொட்டி, ஊதுவாய் கீழே பார்க்கும்படி வெயிலில் வைக்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஒரே கோப்பையைப் பல பிள்ளைகள் மாற்றி மாற்றி ஊதவிடக் கூடாது.

நாலாவது சாமான் என்று சொன்னேன். இவற்றையெல்லாம் வாங்கி அடுக்கியிருந்த சமயத்தில் என் அம்மா கேட்ட ஒரு கேள்வியில் அது ஆரம்பித்தது. அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கண் அழுத்த நோயில் பார்வை பெரும்பகுதி போய்விட்டது, ஆனாலும் தன் காபியைத் தானே ஊற்றிக்கொள்ள வேண்டும் என்பதில் பிடிவாதம். பச்சைத் தண்ணீர் என்றால் கூஜாவிலிருந்து டம்ளருக்கு ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றிவிடுவார். காது சொல்லிவிடும். குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது கவனித்திருப்பீர்கள், நிறைய நிறையச் சத்தம் மேலே ஏறிக்கொண்டே போகும். உள்ளே மிச்சமிருக்கும் காற்றின் உயரம் குறைவதால் சுருதி கூடுகிறது. ஜலதரங்கத்தில் இதற்கு நேர்மாறு. அங்கே தட்டும்போது அதிர்வது கிண்ணம், தண்ணீர் கூடினால் பாரம் ஏறிச் சுருதி இறங்கும். ஒரே கிண்ணத்தில் ஊற்றும்போது ஏறுகிறது, தட்டும்போது இறங்குகிறது. அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, ஆனால் ஏறும் சத்தம் எந்த இடத்தில் நிறுத்தச் சொல்கிறது என்று அச்சாகத் தெரியும்.

சூடான காபியில் இது நடப்பதில்லை. நுரை சத்தத்தை அமுக்கிவிடுகிறது. அதனால் விளிம்புக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். விரல் நுனி சிவந்து கொப்புளித்திருந்ததை என் மனைவிதான் பார்த்தாள். "என்கிட்ட சொன்னா நான் ஊத்தித் தரமாட்டேனா, அத்தை?" என்று அவள் வருத்தப்பட்டாள். அம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, மாடு கத்துது, குருவி கூவுது, காபி நெறஞ்சிடுச்சுன்னு சொல்ற டம்ளர் ஒண்ணு கெடையாதா?" என்றார்.

இருக்கிறது. மகளிடம் சொல்லி ஆன்லைனில் வரவழைத்தேன், நானூற்றுச் சொச்சம் ஆயிற்று. டம்ளர் அல்ல, டம்ளர் விளிம்பில் மாட்டும் ஒரு சின்னப் பெட்டி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதிலிருந்து நீளம் வேறுபட்ட மூன்று கம்பிகள் உள்பக்கம் தொங்கும். திரவம் ஏறி நீளக் கம்பிகளைத் தொட்டதும் அவற்றுக்கு நடுவே மெல்லிய கரண்ட் ஓடும், பெட்டி விட்டு விட்டுக் கூவும். இன்னும் ஏறிக் குட்டைக் கம்பியையும் தொட்டால் விடாமல் கூவும். பார்வையற்றவர்களுக்கென்றே செய்தது. தண்ணீர், பால், காபி, மோர், ரசம் எல்லாவற்றுக்கும் வேலை செய்கிறது. எண்ணெய்க்கு மட்டும் செய்யாது, அதில் கரண்ட் ஓடாது. நான் பார்த்த சத்தச் சாமான்களிலேயே சத்தத்துக்கு அர்த்தம் இருப்பது இதில்தான். மாட்டுக் கோப்பை சாய்வைச் சொல்கிறது, பாட்டுக் கோப்பை வெளிச்சத்தைச் சொல்கிறது. இது மட்டும்தான் உள்ளே ஊற்றியதைப் பற்றிச் சொல்கிறது.

ஆனால் வந்த அன்றே ஒரு சிக்கல். அம்மாவின் எவர்சில்வர் டம்ளரில் மாட்டியதும், ஒரு சொட்டுக் காபி விழுவதற்கு முன்னாலேயே விடாமல் கூவியது. காரணம் தெரிந்துவிட்டது. கம்பிகள் டம்ளர் சுவரைத் தொடுகின்றன, டம்ளரே உலோகம், அதன் வழியாகக் கரண்ட் ஓடிவிடுகிறது. பீங்கான் கோப்பையிலும் கண்ணாடி கிளாசிலும் இந்தத் தொல்லை இல்லை. பீங்கானுக்கு மாறச் சொல்லி அம்மாவைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அந்த டம்ளரில்தான் நாற்பது ஐம்பது வருசமாகக் காபி குடிக்கிறார். கம்பிகள் மேல் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு பட்டால் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய்) ஏற்றி லைட்டரால் சுருக்கினேன். நுனியில் அரை சென்டிமீட்டர் மட்டும் திறந்து விட்டு, நுனியைச் சுவரிலிருந்து விலகி உள்பக்கமாக லேசாக வளைத்தேன். அதற்குப் பிறகு பொய்க் கூவல் இல்லை.

நுரைக்கும் ஒரு பழக்கம் வேண்டியிருந்தது. டிகிரி காபியை உயரத் தூக்கி ஆற்றி உடனே ஊற்றினால் ஈர நுரை முதலில் கம்பியைத் தொட்டுவிடும், டம்ளர் முக்கால் நிறைவதற்குள் கூவிவிடும். ஆற்றியதும் கொஞ்சம் பொறுத்து, டம்ளர் ஓரமாக மெல்ல ஊற்றினால் சரியாக இருக்கிறது. அம்மா இப்போது முதல் கூவலிலேயே நிறுத்திவிடுகிறார், விரல் உள்ளே போவதில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மா வந்திருந்தபோது அவருக்கும் சேர்த்துத் தானே ஊற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கிய பாட்டுக் கோப்பையின் போர்டையும் வீணாக்கவில்லை. எல்.டி.ஆரைக் கழற்றி, அந்த இடத்தில் பி.சி. 547 டிரான்சிஸ்டர் ஒன்றும் இரண்டு எவர்சில்வர் ஊசியும் வைத்து, தண்ணீர் தொட்டால் பாடும்படி செய்தேன். வேலை செய்தது. அம்மா கேட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டார். பாட்டு ஆரம்பித்தால் ஊற்றுகிற சத்தம் காதில் விழவில்லையாம். "அது கூப்பிட்டா போதும்ப்பா, பாட வேண்டாம்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. அது இப்போது மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்து, நிறைந்ததும் மெட்டு வாசிக்கிறது, மனைவி மோட்டாரை நிறுத்துகிறாள்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். கூவும் பெட்டியின் செல் மூடியில் ஸ்க்ரூ இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், விற்பவர்களிடமும் கேளுங்கள். என்னுடையதில் இருக்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் கம்பி நுனியில் வெள்ளையாகப் படியும், படிந்தால் கூவல் தாமதமாகும். வாரம் ஒருமுறை எலுமிச்சை மூடியால் தேய்த்து நல்ல தண்ணீரில் துடைத்தால் போதும். பெட்டியைத் தண்ணீரில் முக்கிக் கழுவக் கூடாது, கம்பியை மட்டும் துடைக்க வேண்டும். எவர்சில்வர் டம்ளருக்கு ஸ்லீவ் போட விரும்பினால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் 3 மி.மீ. ஹீட் ஷ்ரிங்க் என்று கேளுங்கள், ஒரு அடி வாங்கினால் மூன்று கம்பிக்கும் தாராளம். லைட்டர் நெருப்பைக் கம்பிக்கு நேரே காட்டாமல் சற்றுத் தள்ளி ஆட்டிக் காட்டினால் கருகாமல் சுருங்கும்.